சுவருக்குக் கட்டிய காடாத்துணி

1

இன்று கார்த்திகை தீபம். ஊரில் நீங்கள் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் டொராண்டோவுக்குப் பக்கத்தில், என் அக்கா வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவருக்குப் புதுத் துணி வந்திருக்கிறது.

நேற்று சாயங்காலம் மாமா ஏணி போட்டு, ரசமட்டம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மாட்டினார். மாமா என்றால் அக்கா சுமதியின் வீட்டுக்காரர் சேகர். நான் மேல்படிப்புக்கு வந்தவள். இந்த வீட்டின் பேஸ்மென்ட் அறையில் மூன்றாவது வருஷமாகக் குடியிருக்கிறேன். எனவே இந்தச் சுவர்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பனி கஷ்டம், பாஷை கஷ்டம், தனிமை கஷ்டம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதெல்லாம் சும்மா. நம்மவர்களுக்கு இங்கே உண்மையான கஷ்டம் காலிச் சுவர். கடன் வாங்கி வீடு வாங்கிய மறுநாள் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கை பரபரக்க ஆரம்பிக்கிறது. ஊரில் நம் சுவர் என்றைக்குக் காலியாக இருந்தது? ஜவுளிக்கடைக் காலண்டர், சாமி படம், செத்துப்போன தாத்தா, மாமன் மகன் டிகிரி வாங்குகிற போட்டோ. அதையெல்லாம் இங்கே மாட்டினால் பட்டிக்காட்டான் என்று தெரிந்துவிடுமாம். அதனால் துணி.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனால் சோறு போடுவதற்கு முன்னால் சுவரைக் காட்டுகிறார்கள். குஜராத்துக் கண்ணாடித் துணி, கலம்காரி, ஒட்டகம் வரிசையாகப் போகிற ராஜஸ்தான் துணி. வீட்டுக்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பெண் பார்க்க வந்தவர்களுக்கு மகளைக் காட்டுகிற அப்பா மாதிரி. நாம் ஓர் அடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, "டெக்ஸ்சர் பிரமாதம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரியாணியில் கறி கம்மியாக விழும்.

ஒரு வீட்டில் ஐந்து வயசுப் பெண் அந்தத் துணியைத் தூக்கிப் பின்னால் பார்த்துவிட்டு, இங்கே ஜன்னலே இல்லையே என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். அந்த வீட்டில் புத்தியுள்ள ஆள் அவள் ஒருத்திதான். "அவளுக்குத் தமிழ் சுத்தமா வராது" என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். பிள்ளைக்கு ஊர் வேண்டாம், சுவருக்கு மட்டும் வேண்டும்.

2

இந்த வியாதி எங்கே தொற்றியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் ஊரில்தான். செங்கம் ரோட்டில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சித்தப்பா ரமணாசிரமத்தைத் தாண்டி நாலு அறை கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பள்ளிக்கூட லீவுக்கு நானும் அக்காவும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்விடுவோம். அறைக்கு வருகிறவர்கள் முதல் வேலையாகக் கடைத்தெருவுக்குப் போய் லுங்கியும் படுக்கை விரிப்பும் வாங்கி வந்து சுவரெல்லாம் ஆணியடிப்பார்கள். ஒவ்வொரு ஆணியும் சித்தப்பாவின் நெஞ்சில் இறங்கும்.

"புதுசா சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்தா, சொவத்துக்கு லுங்கி கட்டி வுட்டிருக்கான் பாரு. சொவத்துக்கு இன்னாடா வெக்கம்?"

அப்போது சித்தப்பா மகனோடு கல்லூரியில் படித்த ஒருவர் அங்கே அடிக்கடி வருவார். வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்று அவருடையது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "பாவம், இவனுக்கு பீரோ வாங்க வக்கில்ல போல. சொவத்துலயே துணி வெச்சிருக்கான்." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த ஆள்தான் நேற்று ரசமட்டத்தோடு ஏணியில் நின்றவர்.

3

போன வருஷம் செப்டம்பரில் அம்மா வந்தாள். அக்காவுக்கு முதல் பிரசவம். தை மாதக் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மேதாவி. "ஜாஸ்தி நாள் இருப்பேன்னு சொல்லிடாதீங்கம்மா, சந்தேகப்படுவான்" என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். இங்கே குடியேற்ற அதிகாரி மொழிபெயர்ப்பாளரை வைத்து எப்போது திரும்புவீர்கள் என்று கேட்க, அம்மா, "பொங்கலுக்கு நான் ஊர்ல இருக்கணும் சார், மாடு கீது" என்றாள். எல்லாருக்கும் சாதாரணமாக ஆறு மாதம் கொடுக்கிற அதிகாரி, மாட்டின் மேல் இரக்கப்பட்டு, பொங்கலுக்கு முன்னால் ஒரு தேதியை எழுதி முத்திரை குத்திவிட்டார். அதாவது அம்மா ஊரில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும்போது இங்கே குழந்தை பிறக்கும்.

அந்தத் தேதியை நீட்டிக்க வழி உண்டு. விண்ணப்பம் போட வேண்டும். அதனுடன் வரவழைத்தவர், அதாவது மாமா, கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். மாமா "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அம்மா இல்லாம நான் ஆஸ்பத்திரிக்குப் போவமாட்டேன் கவிதா" என்று பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து அக்கா ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம். மாமா பேசுகிற வீட்டில் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடையாது.

அம்மா வந்த வாரத்திலிருந்து பழந்துணி தேடினாள். குழந்தை பிறக்கும் முன்னால் அதற்குப் புதுசு எதுவும் வாங்கக்கூடாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் முதலில் உடம்பில் படவேண்டும். உங்களுக்குத் தெரியும். இங்கே பழைய வேட்டி இல்லை, பழைய நூல் புடவை இல்லை. மாமா அதையெல்லாம் 'குப்பை' என்று மூட்டை கட்டித் தானப் பெட்டியில் போட்டுவிட்டிருந்தார்.

"இன்னா வூடுடி இது?" என்றாள் அம்மா. "கட்டிக்கத் துணி இல்ல. சொவத்துக்கு மட்டும் எட்டு மொழம்."

அந்த எட்டு முழம் அப்போதுதான் வந்திருந்தது. ஷீலா மேடம் என்று ஒருவர், சென்னைக்காரர், தன் வீட்டுப் பின்னறையில் துணிகளைக் காட்சிக்கு வைத்து விற்கிறார். அவரிடம் மாமா வாங்கியது. அருணாசலத்தின் புனிதத் துணியாம். சாயம் இல்லை, சித்திரம் இல்லை, கரைகூட இல்லை. கூரையிலிருந்து ஒரு கம்பியில் இறங்கி, தரையில் கொஞ்சம் புரண்டு கிடக்கும். "வெறுமைதான் இதோட பாயின்ட்" என்று ஷீலா மேடம் சொல்லியிருக்கிறார்.

நான் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி போகாத காடாத்துணி. தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் திரியாக எரிகிற அதே காடா. நம் சமையலறையில் தயிர் வடிகட்டுகிற, தலையணைக்குள் இலவம்பஞ்சை மூடுகிற காடா. வேங்கிக்காலில் மாமா பத்தொன்பது வயது வரை தலை வைத்துப் படுத்த காடா. அவர் கொடுத்த விலைக்கு நம் ஊரில் வாங்கியிருந்தால் கிரிவலப் பாதை முழுக்க விரித்திருக்கலாம்.

அம்மா அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "கார்த்திகைக்கா மாப்ள?"

"இது ஆர்ட், அத்த."

"அதுக்கின்னா, தொங்கட்டும்" என்றாள். கீழ்பென்னாத்தூரில் வருஷா வருஷம் தீபத்துக்குக் கொடுக்க அப்பா காடா வாங்கி வருவார். அது கார்த்திகை வரை கொடியில் தொங்கும். கொடுப்பதற்கு முன்னால் அம்மா ஓரத்தில் ஒரு நாடா கிழித்து வாசல் விளக்குக்குத் திரி போட்டுக்கொள்வாள். ஆர்ட் என்பது அந்தக் காடாவுக்கு இங்கத்திய பெயர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பெருக்கும்போதெல்லாம் தரையில் கிடந்த பகுதியை மரியாதையாகத் தூக்கிவிட்டுப் பெருக்கினாள்.

4

கார்த்திகை சனிக்கிழமையில் வந்தது. அன்று சாயங்காலம் மாமா துணியைப் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். துணியைப் பார்க்க! ஷீலா மேடம் வருகிறார், அவருடைய நண்பர்கள் வருகிறார்கள், மாமாவின் மேலதிகாரி வருகிறார்.

ஊரில் மாலை ஆறு என்றால் இங்கே காலை ஏழரை. மாமா மேலே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா குளித்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த அகல் விளக்குகளைக் கூடத்தில் வரிசையாக வைத்து நல்லெண்ணெய் ஊற்றியிருந்தாள். திரிக்கட்டு மட்டும் சென்னை விமான நிலையத்தில் எடை குறைக்கும்போது பெட்டியை விட்டு வெளியேறியிருந்தது. அக்கா முகம் துடைக்கிற பஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது பஞ்சே இல்லை. பற்றவைத்தால் சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது.

நான் தொலைபேசி அட்டையின் நம்பரை எல்லாம் அழுத்தி அப்பாவைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். அவர் மொட்டை மாடியில் நின்றிருந்தார்.

"இன்னும் ஏத்தல. மலை கருப்பாத்தான் கீது" என்றார் அப்பா.

"ஏங்க, ஏத்துனதும் சொல்லுங்க. நான் இங்க திரி இல்லாம நின்னுகினு இருக்கேன்."

"கனடாவுல திரி கூடவா இல்ல?"

"அட, நீங்க மலையைப் பாருங்க!"

அதற்குள் தெருவே கத்துகிற சத்தம் கேட்டது. அரோகரா, அரோகரா என்று போன் அதிர்ந்தது. "ஏத்திட்டாங்கடீ!" என்று அப்பாவும் கத்தினார்.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். ரொம்ப யோசிக்கவில்லை. நேராகச் சுவரிடம் போய், தரையில் கிடந்த காடாவின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு வைத்து, சர்ரென்று ஒரு நாடா கிழித்தாள். அதைத் துண்டு துண்டாக்கித் தொடையில் உருட்டித் திரியாக்கினாள். எண்ணெயில் நனைத்து ஏற்றினாள். நன்றாக எரிந்தது. சுடர் கொஞ்சம் அதிகமாகவே எழும்பி, தொங்கிய துணியின் ஓரத்தில் கரி பூசியது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் கூடத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

அப்புறம் ஸ்மோக் அலாரம் அலறியது.

5

மாமா அரைத் தூக்கத்தில் படியிறங்கி வந்தார். விளக்குகளைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கிழிந்த ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இழவு வீட்டில்கூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா அத்த பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஓரந்தான மாப்ள. ஒரு வெரல்கட அகலம். மீதி அப்படியே கீது."

"இது வெல என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"காடாதான? தெரியுமே" என்றாள் அம்மா. அதுதான் அவரைக் கொன்றது.

மாமா எழுந்து அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "போதும் சுமதி. எக்ஸ்டென்ஷனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. தேதி முடியறதுக்குள்ள டிக்கெட் போட்டு அனுப்பிடறேன். மன்னிப்புக் கேட்டா யோசிக்கறேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். "ஒரு ஸாரி சொல்லித் தொலையேம்மா. அக்கா மூஞ்சியப் பாரு."

"எதுக்குடி? தீபம் ஏத்துனதுக்கா? தும்முனதுக்குக்கூட நான் மன்னிப்புக் கேக்கறேன். இதுக்கு மாட்டேன்." ஆனால் மூக்குத்தி நடுங்கியது. தோசைக் கரண்டியை எடுத்தவள் அடுப்பைப் பற்றவைக்கவே மறந்து நின்றாள்.

விருந்தை ரத்து செய்ய நேரமில்லை. மாமா துணியை மேலே சுருட்டப் பார்த்தார், மடித்துக் குத்தப் பார்த்தார், கரி பட்ட இடத்துக்கு முன்னால் செடித்தொட்டி வைத்தார். சாயங்காலம் ஷீலா மேடம் உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம் அந்தத் தொட்டியை நகர்த்தியதுதான்.

குனிந்து கிழிசலைப் பார்த்தார். கரியைத் தொட்டார். விரலை முகர்ந்தார். மாமா சுவரோடு சுவராகிவிட்டார்.

"சேகர்! யார் பண்ணது இது?"

"அது வந்து..."

"இப்பதான் இது முழுமையாயிருக்கு! எரிய வேண்டிய துணி எரிஞ்சிருக்கு!" ஷீலா மேடத்தின் கண்ணில் தண்ணீர். நான் சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர். நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேலதிகாரி ஓர் அடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்தார்.

மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். "ஆமா மேடம். எங்க அத்தைய இதுக்குன்னே ஊர்லேர்ந்து வரவழைச்சேன். எங்க குடும்பத்துல இது வழிவழியா..." சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார். எண்ணெய்க் கையோடு அவள் நின்றாள். எல்லாரும் அவளைக் கும்பிட்டார்கள். அவளும் கும்பிட்டுவிட்டு, "வடை கருகுதுங்க" என்று உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் போகும் முன் மாமா அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மகளுக்குப் பிரசவம், அம்மா வேண்டும் என்று மூன்று மாதம் கெஞ்சியதற்கு அசையாத பேனா, ஒரு துணிக்கு விளக்கக் குறிப்பாக அவள் தேவைப்பட்டதும் ஓடியது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால் பதில் வரும்வரை இருக்கலாம் என்பது இங்கத்திய சட்டம். பதில் வருவதற்குள் இங்கே பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும்.

6

பொங்கல் முடிந்த சனிக்கிழமை மாமா மறுபடி ஆட்களைக் கூப்பிட்டார். இந்த முறை நிகழ்ச்சி. அம்மா எல்லார் முன்னாலும் ஒரு நாடா கிழித்து விளக்கேற்ற வேண்டும். ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியை அவரே கழற்றி வைத்தார்.

அம்மாவுக்கு ஒரு காவிநிறப் புடவை வாங்கி வந்து நீட்டினார். "இது கட்டிக்குங்க அத்த. ஊர்ல இருக்கற மாதிரி இருக்கும்."

"ஊர்ல நான் நைட்டி மேல துண்டு போட்டுகினு இருப்பேன் மாப்ள."

"கார்த்திகை முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "அவங்களுக்குத் தெரியாது" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு துணியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு சோபாவில் இரண்டு தலையணை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்த அக்காவின் வயிற்றைப் பார்த்தாள்.

"கிழிக்கச் சொல்றாரில்ல?" என்று என்னிடம் கேட்டாள். "அவர் வாயாலயே சொல்லட்டும்."

சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். ஷீலா மேடம் ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசினார். மலை, நெருப்பு, அகங்காரம் எல்லாம் வந்தது. அம்மா துணி முன்னால் நின்றாள்.

"கிழிக்கட்டுங்களா மாப்ள?"

"கிழிங்க அத்த."

பல்லால் ஒரு வெட்டு. சர்ரென்று அகலமாக ஒரு துண்டு வந்தது. அறையே மூச்சை உள்ளே இழுத்தது. அம்மா அதை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"இன்னும் கிழிக்கட்டுங்களா?"

மாமா சுற்றிலும் பார்த்தார். எல்லார் முகத்திலும் பக்தி. "கிழிங்க."

அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றும் சதுரமாக, ஒரே அளவாக. கைக்கு எட்டாத உயரம் வந்ததும் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மாமாவின் சிரிப்பு மெல்ல மெல்லக் கெட்டியானது. "அத்த, போதும்னு..." என்று பல்லிடுக்கில் ஆரம்பித்தார். ஷீலா மேடம் அவர் கையைப் பிடித்து, "ஷ்ஷ், தடுக்காதீங்க சேகர். இது வேற எடத்துக்குப் போயிட்டிருக்கு" என்றார். கம்பியில் ஒரு சாண் மிச்சமிருந்தபோது அம்மா இறங்கினாள். கைதட்டினார்கள்.

அம்மா துணிக் குவியலை இடுப்பில் அணைத்துக்கொண்டு பேஸ்மென்ட் படியை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா போறீங்க? விளக்கு?" என்றார் ஷீலா மேடம்.

"ஊற வெக்கணும்மா. கஞ்சி போனாத்தான் மெத்துன்னு ஆவும். கொழந்தைக்கு உறுத்தாது."

ஷீலா மேடத்துக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மற்றவர்கள் அர்த்தம் கேட்டபோது, நான்தான் முன்வந்து மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடாமல்.

மாமாவால் அன்று யாரையும் திட்ட முடியவில்லை. ஊரறிய இரண்டு தடவை அவரே சொன்னது. அம்மா அந்தத் துண்டுகளை எட்டு நாள் துவைத்தாள். காய்ந்ததும் மறுபடி துவைத்தாள். ஆஸ்பத்திரியில் அக்கா வலியில் கத்திய ராத்திரி முழுக்க அம்மா அவள் தலைமாட்டில் இருந்தாள். பெண் குழந்தை. அதன் இடுப்பில் முதலில் சுற்றியது அருணாசலத்தின் புனிதத் துணி. அடுத்த நிமிஷமே குழந்தை அதை நனைத்தது. ஷீலா மேடம் இருந்திருந்தால் மறுபடி கண் கலங்கியிருப்பார்.

7

அம்மா சித்திரையில் ஊருக்குப் போனாள். கம்பியில் அந்த ஒரு சாண் ரொம்ப நாள் தொங்கியது. மாமா இறக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

இப்போது புதுசு வந்திருக்கிறது. வங்காளத்தில் நெய்த வெள்ளைப் பருத்தி, இரட்டை மடிப்பு. இந்த வருஷம் மாமாவே இந்தியக் கடைக்குப் போய்த் திரி பாக்கெட் வாங்கி, பூஜை மேடையில் எல்லார் கண்ணிலும் படும்படி அடுக்கியிருக்கிறார். ஒரு தெருவுக்கே போதும்.

நேற்று அவர் ஏணி மேல் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அக்காவைக் கேட்டார்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டே போனாள். ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்லா உறிஞ்சும்ங்க" என்றாள்.

மாமா ரொம்ப நேரம் ஏணியை விட்டு இறங்கவில்லை.